கோதுமை விலை எங்கே முடிவாகிறது?

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை வட்டாரத்தில் மளிகைக்கடை நடத்தும் நம்மில் பெரும்பாலோர் கோதுமை வயலைக் கண்ணால் கண்டதில்லை. தமிழ்நாட்டில் கோதுமை விளைச்சல் மிகச் சொற்பம். நாம் விற்கும் ஆட்டா, மைதா, ரவை, மாவு மில்லுக்குப் போகும் முழுக்கோதுமை யாவும் பெரும்பாலும் வடக்கிலிருந்து வரும் சரக்கே. ஆனால் விலை ஏறினால், "போன மாசம் இந்த விலை இல்லையே அண்ணாச்சி?" என்று வாடிக்கையாளர் கேட்பது நம்மைத்தான். சர்க்கரை வியாதிக்காக இரவில் சப்பாத்தி சாப்பிடும் குடும்பங்கள் பெருகிவிட்ட நிலையில், இக்கேள்விக்கு நாம் பதில் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

2022-ம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். மார்ச் மாதம் கோதுமைக் கதிரில் பால் பிடித்து மணி முற்றும் காலம். அந்த ஆண்டு மார்ச், 1901 முதல் கணக்கிடப்பட்டதில் மிக வெப்பமான மார்ச்சாக இருந்தது. வெயில் அதிகமானால் மணி முற்றுவதற்குள் காய்ந்து சுருங்கிவிடும். சுருங்கிய மணியில் தவிடு அதிகம், மாவு குறைவு. பஞ்சாப், ஹரியானாவில் கொள்முதலின்போது சுருங்கிய மணி 6 சதவீதம் வரைதான் ஏற்கப்படும் என்றிருந்த விதியை 18 சதவீதமாக மத்திய அரசு தளர்த்தியது. பாதிப்பின் அளவை இதிலிருந்தே அறியலாம். அதே சமயம் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,015 ரூபாயாக இருக்க, உக்ரைன் போரால் உலகச் சந்தை சூடேறி, தனியார் அதற்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். முந்தைய ஆண்டு 433 லட்சம் டன்னாக இருந்த அரசுக் கொள்முதல் 188 லட்சம் டன்னாக விழுந்தது. மே 13-ல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது.

விலை ஏறியதே, விவசாயிக்கு லாபம்தானே என்று தோன்றும். பஞ்சாபில் ஏக்கருக்குச் சுமார் 20 குவிண்டால் எடுத்து, பக்கத்து மண்டியில் கொட்டிவிட்டு வருபவருக்கு அது ஓரளவு பொருந்தும். பீகார் விவசாயியின் நிலை வேறு. அங்கே ஒருவருக்குச் சராசரி நிலம் ஒரு ஏக்கருக்கும் சற்றுக் குறைவு. விளைச்சல் ஏக்கருக்கு 11, 12 குவிண்டால். நெல் அறுத்த பின் தாமதமாக, டிசம்பரில் விதைப்பதால் பயிர் நேராக மார்ச் வெயிலில் போய் மாட்டுகிறது. உழாமலே விதைக்கும் கருவியைப் பயன்படுத்தி நவம்பரிலேயே விதைத்தவர்கள் இதில் ஓரளவு தப்புகிறார்கள். இத்தனைக்கும் மேல், பீகார் அரசு மண்டிச் சட்டத்தை 2006-ல் ரத்து செய்தது. தனியார் சந்தைகள் தாமே பெருகும் என்று எதிர்பார்த்தார்கள், அப்படி நடக்கவில்லை. கடனை அடைக்க அறுவடை முடிந்த கையோடு ஊருக்கு வரும் வியாபாரியிடம், பல வருடங்களில் ஆதரவு விலைக்கும் குறைவாகவே விற்கிறார். சில மாதம் கழித்து அதே கோதுமையைச் சாப்பாட்டுக்கு விலை கொடுத்து வாங்குபவரும் அவர்களில் உண்டு. வியாபாரி என்ற முறையில் நமக்கு இது சங்கடமான செய்திதான். ஆனால் ஒரே ஒரு வியாபாரி மட்டும் வரும் ஊரில் நியாய விலை கிடைக்காது என்பது நமக்குத் தெரியாததல்ல.

கொள்முதல் குறைந்ததன் விளைவு ரேஷனிலும் தெரிந்தது. 2022 மே மாதம் மத்திய அரசின் இலவச உணவுத் திட்டத்தில் கோதுமைக்குப் பதில் அரிசி தரப்பட்ட மாநிலங்களில் கேரளாவுடன், கோதுமை விளையும் பீகாரும் உத்தரப் பிரதேசமும் இருந்தன!

அடுத்து, நம் கடை. விலையைக் கட்டுப்படுத்த 2023 பிப்ரவரி முதல் இந்திய உணவுக் கழகம் மாவு மில்களுக்குக் கோதுமையை ஏலத்தில் விட்டது. ஜூன் 12-ல் இருப்பு வரம்பும் வந்தது. சில்லறைக் கடைக்கு 10 டன், அதாவது 50 கிலோ மூட்டையில் 200. இவ்வரம்பு நிலையானதல்ல: 2024 டிசம்பரில் 5 டன், 2025 பிப்ரவரியில் 4 டன், மே மாதம் மீண்டும் 10, ஆகஸ்டில் 8 என மாறியது. இருப்பை வெள்ளிதோறும் அரசு இணையதளத்தில் பதிய வேண்டும் என்றும் உத்தரவு இருந்தது. சிறு கடைக்காரர் 80 மூட்டைகூட வைப்பதில்லை என்றாலும், மாவு மில்லும் சேர்த்து நடத்துபவர்களும், விலை ஏறும் என்று மார்ச்சில் மொத்தமாக வாங்கி அடுக்குபவர்களும் சரக்கு எடுக்கும் முன் அன்றைய வரம்பைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மொத்த வியாபாரியிடம் பில் வாங்காமல் சரக்கு எடுக்காதீர்கள். சோதனைக்கு வந்தால் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.