வெளியிடத்தில் மணக்கும் காபி: பெர்கோலேட்டரும் நம் கடைத் தூளும்

மளிகைக் கடையில் காபித் தூள் விற்பனை என்பது வெறும் எடை போட்டுக் கொடுக்கும் வியாபாரம் அல்ல. சர்க்கரையும் துவரம் பருப்பும் எந்தக் கடையில் வாங்கினாலும் ஏறக்குறைய ஒன்றுதான். காபித் தூள் அப்படி இல்லை. "இந்தக் கடைத் தூள்தான் வேண்டும்" என்று நான்கு தெரு தாண்டி வருகிற வாடிக்கையாளரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அப்படி வருகிறவர் தூளோடு மாதச் சாமான் முழுவதையும் நம்மிடமே வாங்கிப் போகிறார். ஆகவே காபித் தூள் கெட்டால் கெடுவது நூறு கிராம் வியாபாரம் மட்டுமல்ல என்பதை வணிகப் பெருமக்கள் நன்கு அறிவார்கள்.

இப்போது நம் கடைகளுக்குப் புது வகை வாடிக்கையாளர் ஒருவர் வரத் தொடங்கியிருக்கிறார். விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஏற்காடு, கொல்லிமலை, கொடைக்கானல் என்று வேன் வைத்துப் போகிறவர். கூடாரம் அடித்துத் தங்கும் இளைஞர். இவர்களில் சிலர் வெளியிடத்தில் காபி போடுவதற்கென்று பெர்கோலேட்டர் என்னும் பாத்திரத்தை வாங்கி வைத்திருக்கிறார்கள். அதற்கும் நம்மிடம்தான் தூள் கேட்கிறார்கள். நாமும் வழக்கமான ஃபில்டர் தூளையே பொட்டலம் கட்டிக் கொடுத்து விடுகிறோம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

எங்களிடம் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் ஒரு நாள் அரைக் கிலோ தூளைத் திருப்பிக் கொண்டு வந்தார். "அண்ணாச்சி, பார்ட்டி மலைக்குப் போய் காபி போட்டிருக்காங்க. ஒரே கசப்பாம். டம்ளர் அடியிலே சேறு மாதிரி நிக்குதாம். தூள் சரியில்லைன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க" என்றார். "தம்பி, எதுலே போட்டாங்கன்னு கேட்டீங்களா?" என்றோம். அவர் கேட்கவில்லை. விசாரித்ததில் பெர்கோலேட்டரில் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. அதே தூளை எங்கள் கடையிலேயே பித்தளை ஃபில்டரில் போட்டுக் கொடுத்தோம். குடித்துப் பார்த்துவிட்டு, "இது நல்லாத்தானே இருக்கு!" என்றார். தூளில் குறை இல்லை. பாத்திரத்துக்கும் தூளுக்கும்தான் பொருத்தம் இல்லை.

பாத்திரம் எப்படி வேலை செய்கிறது?

அந்தப் பாத்திரத்தின் போக்கைத் தெரிந்துகொண்டால் எந்தத் தூள் கொடுப்பது என்பது தானே விளங்கும். நீர் குழாய் வழியே மேலேறித் தூள் மேல் விழும் காபிப் பாத்திரம் 1819-இல் பாரிஸ் நகரத் தகர வேலைக்காரர் ஒருவர் கையில் உருவானது. அடுப்பில் வைக்கும் இன்றைய வடிவத்துக்கு அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஹான்சன் குட்ரிச் என்பவர் 1889-இல் காப்புரிமை பெற்றார். 1970-களில் மின்சார டிரிப் இயந்திரங்கள் வந்து இடத்தைப் பிடிக்கும் வரை அமெரிக்க வீடுகளில் பெர்கோலேட்டர்தான் பெரிதும் புழங்கியது. வீட்டை விட்டுப் போன பிறகும் கூடாரம் அடித்துத் தங்குகிறவர்களிடம் அது நிலைத்துவிட்டது. காகித வடிகட்டி வேண்டாம், மின்சாரம் வேண்டாம், கீழே விழுந்தாலும் உடையாது, எந்த நெருப்பிலும் வைக்கலாம் என்பதே காரணம்.

உள்ளே இருப்பவை மூன்றே பாகங்கள். அடியில் தண்ணீர் நிற்கும் பானை. நடுவில் ஒரு குழாய். குழாயின் மேல் முனையில், துளைகள் போட்ட சிறு கூடை. கூடையில்தான் தூள் போட வேண்டும். அடியில் நீர் கொதிக்கும்போது எழும் குமிழிகள் குழாய் வழியே வெந்நீரை மேலே தள்ளுகின்றன. அது தூளின் மேல் விழுந்து, சாரத்தை எடுத்துக்கொண்டு, மீண்டும் அடிப்பானைக்கே வருகிறது. பிறகு அதே நீர் மறுபடி மேலே ஏறுகிறது.

நம் ஃபில்டருக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். ஃபில்டரில் வெந்நீர் ஒரு முறைதான் தூள் வழியாக இறங்குகிறது, மெதுவாக இறங்குகிறது, கெட்டியான டிகாஷன் கிடைக்கிறது. பெர்கோலேட்டரிலோ, இறங்கிய டிகாஷனே திரும்பத் திரும்பக் கொதித்துத் தூள் மேல் விழுகிறது. ஃபில்டருக்கு அரைத்த நைஸான தூளை அதில் போட்டால் முதல் சில நிமிடங்களிலேயே நல்ல சாரம் முழுவதும் இறங்கிவிடும். அதன் பின் இறங்குவது கசப்பும் துவர்ப்பும்தான். போதாததற்கு, கூடையின் துளைகள் பெரியவை. நைஸ் தூள் அவற்றின் வழியே நழுவி அடியில் வண்டலாக நிற்கும். அந்த வாடிக்கையாளர் சொன்ன சேறு இதுவே.

எந்தத் தூள் கொடுப்பது?

முதலாவது, அரைப்பு. பெர்கோலேட்டருக்குத் தூள் கொரகொரப்பாக இருக்க வேண்டும். கடைப் பையனுக்குச் சொல்வதானால் "உப்புமா ரவைப் பதம்" என்று சொன்னால் போதும். அரைவை இயந்திரத்தில் பல்லை இரண்டு மூன்று சுற்றுத் தளர்த்தி வைத்து அரைத்துக் கையில் தேய்த்துப் பார்த்தால் பதம் தெரிந்துவிடும். விரலில் மாவாக ஒட்டினால் அது ஃபில்டருக்கு. மணி மணியாக உதிர்ந்தால் பெர்கோலேட்டருக்கு.

இரண்டாவது, கொட்டை. நம் நாட்டில் விளையும் காபியில் சுமார் 70 சதவீதம் ரொபஸ்டா, மீதி அரபிகா. ரொபஸ்டா கெட்டியும் நுரையும் தரும். ஆனால் கசப்பு அதிகம். திரும்பத் திரும்பக் கொதிக்கும் பாத்திரத்தில் அந்தக் கசப்பு இன்னும் தூக்கலாகும். ஆகவே இதற்கு அரபிகா பிளான்டேஷன் கொட்டையோ பீபெரியோ நல்லது. நம் சேர்வராயன் மலை, பழனி மலை, நீலகிரி ஆகிய இடங்களில் அரபிகா விளைகிறது. வறுவல் நடுத்தரமாக இருக்கட்டும். எண்ணெய் கசியும் அளவுக்குக் கறுக வறுத்தது இந்தப் பாத்திரத்துக்கு உதவாது.

முன்பெல்லாம் தோட்டக்காரர்கள் விளைந்த கொட்டையைக் காபி போர்டிடம் ஒப்படைப்பார்கள். வியாபாரிகள் போர்டின் ஏலத்தில் எடுப்பார்கள். 1990-களில் படிப்படியாகத் தளர்ந்த அந்த முறை 1996-இல் முழுவதுமாக நீங்கியது. இன்று எந்தத் தோட்டத்துக் கொட்டையை யாரிடம் எடுப்பது என்பது வியாபாரியின் கையில் இருக்கிறது. எனவே தரத்துக்கான பொறுப்பும் நம் கையில்தான்.

மூன்றாவது, சிக்கரி. குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் பயிராகும் ஒரு செடியின் வேரை வறுத்து அரைத்ததே சிக்கரி. அதைக் கலப்படம் என்று சொல்வது அறியாமை. பால் காபிக்கு நிறமும் திடமும் கொடுப்பது அது. ஆனால் காபித் தூளைவிட சிக்கரியில் நீரில் கரையும் பகுதி இரண்டு மடங்குக்கும் மேல். பெர்கோலேட்டரில் அது சீக்கிரமே கரைந்து பாகு போல இறங்கி, காபியின் மணத்தை அமுக்கிவிடும். கூடையில் ஈரம் பட்டுக் கட்டிபிடித்து நீரோட்டத்தையும் தடுக்கும். ஆகவே இதற்குச் சிக்கரி இல்லாத தூளே ஏற்றது. திடம் வேண்டும் என்று வற்புறுத்துகிறவர்களுக்கு நூற்றுக்குப் பத்துக்கு மேல் வேண்டாம்.

இதில் சட்டமும் இருக்கிறது. சிக்கரி கலந்த தூளில் காபியின் அளவு 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. காபி எத்தனை, சிக்கரி எத்தனை என்பதைப் பொட்டலத்தின் மேல் அச்சிட வேண்டும். "சுத்தமான காபி" என்று சொல்லிச் சிக்கரி கலந்து கொடுத்தால் ஃபில்டரில் ஒருவேளை தெரியாமல் போகலாம்; பெர்கோலேட்டர் காட்டிக் கொடுத்துவிடும்.

வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டிய செய்முறை

தூளைக் கொடுக்கும்போது கீழ்க்கண்டவற்றை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். சிறு துண்டுச் சீட்டில் அச்சிட்டுப் பொட்டலத்தோடு வைத்தால் இன்னும் நல்லது.

1. பானையில் பச்சைத் தண்ணீரே ஊற்ற வேண்டும். நீர் மட்டம் கூடையின் அடியைத் தொடக் கூடாது. உப்புத் தண்ணீர் உதவாது. நல்ல குடிநீரைக் கையோடு கொண்டு போவது நலம்.

2. ஒரு லிட்டர் தண்ணீருக்கு, கறுப்புக் காபியாகக் குடிப்பவர்கள் 60 கிராம் தூள் போடலாம். பால் சேர்ப்பவர்கள் 80 கிராம் வரை போடலாம். ஃபில்டரில் செய்வது போலத் தூளை அழுத்தக் கூடாது. பரப்பி விட்டால் போதும்.

3. மூடியின் உச்சியில் கண்ணாடிக் குமிழ் இருக்கும். அதில் முதல் நீர் துள்ளுவது தெரிந்ததும் நெருப்பைக் குறைத்துவிட வேண்டும். இரண்டு மூன்று விநாடிக்கு ஒரு துள்ளல் என்பதே சரியான கணக்கு. தளதளவென்று கொதிக்க விட்டால் காபி போச்சு.

4. துள்ளல் தொடங்கியதிலிருந்து ஆறு முதல் எட்டு நிமிடம். பிறகு இறக்கி, தூள் கூடையை உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். இரண்டு நிமிடம் அசையாமல் வைத்தால் வண்டல் அடியில் தங்கிவிடும்.

5. பாலை எக்காரணம் கொண்டும் பானைக்குள் ஊற்றக் கூடாது. அடிபிடிக்கும், குழாய் அடைத்துக்கொள்ளும். பாலைத் தனியே காய்ச்சி டம்ளரில்தான் கலக்க வேண்டும். இந்த டிகாஷன் ஃபில்டர் டிகாஷனைவிடத் தண்ணியாக இருக்கும். ஆகவே பால் குறைவாகவும் டிகாஷன் கூடுதலாகவும் சேர்க்கச் சொல்லுங்கள். பால் கிடைக்காத இடத்துக்குப் பால் பவுடர் வாங்கிப் போகச் சொல்லலாம். அதுவும் நம் கடைச் சரக்குதானே.

மலைக்குப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். உயரம் கூடக் கூட நீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். கொடைக்கானல், உதகை உயரத்தில் சுமார் 93 டிகிரியிலும், ஏற்காட்டில் சுமார் 95 டிகிரியிலும் கொதிக்கும். சோறும் பருப்பும் வேக அங்கே அதிக நேரம் ஆவது இதனால்தான். காபிக்கோ 92 முதல் 96 டிகிரி வரையிலான சூடே பொருத்தமானது. மலையில் போட்ட காபி மணப்பதற்குக் குளிர் மட்டும் காரணமல்ல. ஓரிரு நிமிடம் கூடுதலாக வைத்தால் போதும்.

விறகு நெருப்பில் வைப்பதானால் சுவாலைக்கு மேல் வைக்காமல் கங்கின் ஓரத்தில் வைக்க வேண்டும். கல்யாண வீட்டில் அண்டாவின் அடியில் மண்ணோ சாம்பலோ குழைத்துப் பூசுவது போல இதற்கும் பூசிவிட்டால் கரி பிடிக்காது, துலக்குவது எளிது.

நெருப்பு விஷயத்தில் அலட்சியம் கூடாது

2023 ஆகஸ்ட் 26 அன்று அதிகாலையில் மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டி ஒன்று தீப்பிடித்து ஒன்பது யாத்ரீகர்கள் உயிரிழந்தார்கள். விதியை மீறிப் பெட்டிக்குள் கொண்டுவந்த சமையல் எரிவாயு சிலிண்டர்தான் காரணம் என்று தெரியவந்தது. யாத்திரைக்கும் சுற்றுலாவுக்கும் சாமான் வாங்க நம்மிடம்தான் வருகிறார்கள். "ரயிலில் போகிறீர்களா? அடுப்பும் சிலிண்டரும் வேண்டாம், பிளாஸ்க்கில் டிகாஷன் கொண்டு போங்கள்" என்று சொல்வது நம் கடமை. கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டுவதும் ஆபத்து. அதில் எழும் நச்சுப் புகைக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. காப்புக் காட்டில் அனுமதியின்றி நெருப்பு மூட்டுவது குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் ஏற்பட்ட காட்டுத் தீயில், மலையேறச் சென்றவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டதை யாரும் மறந்திருக்க முடியாது.

கடையில் செய்யத் தக்கவை

இதற்காகப் பெரிய முதலீடு எதுவும் தேவையில்லை. ஃபில்டர் அரைப்பு, கொரகொரப்பு அரைப்பு, வறுத்த முழுக் கொட்டை என்று மூன்று டப்பாக்கள் இருந்தால் போதும். கொரகொரப்புத் தூளை அரைத்து அடுக்கி வைக்காமல், கேட்கும்போது அரைத்துக் கொடுப்பதே உத்தமம். அரைத்த தூள் காற்றுப் பட்டால் நாளுக்கு நாள் மணம் இழக்கும். முழுக் கொட்டை அதைவிட அதிக நாள் தாங்கும். மிளகாய்த் தூள், சீயக்காய், ஊதுபத்தி இவற்றின் அருகில் காபி டப்பாவை வைக்காதீர்கள். காபி பக்கத்து வாசனையைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். பயணம் போகிறவருக்கு அரைக் கிலோவை ஒரே பொட்டலமாகக் கட்டாமல் நூறு நூறு கிராமாகக் காற்றுப் புகாமல் கட்டிக் கொடுத்தால், கடைசி நாள் காபியும் முதல் நாள் போலவே இருக்கும். பொட்டலத்தில் அரைத்த தேதியும் கலவை விவரமும் இருக்கட்டும்.

நாம் சரியான தூளைக் கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? அந்த வாடிக்கையாளர் அடுத்த பயணத்துக்கு உடனடி காபி சாஷேயை வாங்கிப் போவார். அது சுலபமாக இருக்கிறதென்று வீட்டிலும் அதையே பழகிக்கொள்வார். சாஷேயில் விலையும் லாபமும் கம்பெனி வைத்தது; எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் அதே சரக்கு கிடைக்கும். வறுத்து அரைத்துக் கொடுக்கும் தூள் ஒன்றில்தான் நம் கைத்திறனுக்கு விலை இருக்கிறது. அதை இழந்தால் பெரிய கடைகளோடு போட்டியிட நம்மிடம் மிச்சம் இருப்பது குறைவே.

அதற்கு ஒரு கேள்வி போதும். காபித் தூள் கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும் "எதில் போடப் போகிறீர்கள்? பால் சேர்ப்பீர்களா?" என்று கேட்ட பிறகே இயந்திரத்தை ஓட விடுங்கள். பெரிய கடைகளின் அலமாரிகள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. நாம் கேட்கலாம். கேட்கும் கடைக்கு வாடிக்கையாளர் மீண்டும் வருவார் என்பது நம் அனுபவம்.