எழுத முடியாத தட்டும் இணைய மறுக்கும் கோப்பும்

பேராக்கில் பால்மரக் கன்றுகள் 1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் நடப்பட்டன. அக்காலத்தது எனக் கூறப்படும் மரமொன்று அங்கு இன்றும் நிற்கிறது. தோட்டங்களோ அவ்வாறு நிலைக்கவில்லை. 1950களில் அவை துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. அதைத் தடுக்கச் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். ஆயினும், பால்மரங்கள் இருந்த பல இடங்களில் இன்று செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளுமே உள்ளன. அங்கு வாழ்ந்தோரின் பெயர்கள் செக்ரோலிலும் பள்ளிப் பதிவேடுகளிலும்தாம் எஞ்சியுள்ளன.

ஈப்போவுக்கு அருகில் இருந்த ஒரு தோட்டப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டை, முன்னாள் மாணவர்கள் அக்செஸ் மென்பொருளில் தட்டச்சு செய்து குறுந்தட்டில் பதிந்து வைத்ததாகக் கொள்ளலாம். தாத்தா பிறந்த தோட்டத்தைத் தேடும் பேரப்பிள்ளைக்கு அதிலுள்ள ஒரு வரியே சான்றாகும். அப்பட்டியலைப் புதிய தரவுத்தளத்தோடு இணைக்கும்போது, 'கோப்பைப் பூட்ட இயலவில்லை' என்ற செய்தி தோன்றலாம். உடனே தட்டு கெட்டுவிட்டதென்று அதை வீசிவிடுவோர் உண்டு. பெரும்பாலும் தட்டில் குறையே இராது.

தோட்டத்தில் பெரட்டுக் களத்தில் கிராணி பெயரைப் பதிந்த பிறகே தொழிலாளர் வேலைக்காட்டுக்குச் செல்வர். அக்செஸ் மென்பொருளும் அப்படித்தான். ஒரு கோப்பைத் திறந்ததும், அதை யார் திறந்துள்ளார் என்பதைக் குறிக்கும் சிறிய பூட்டுக் கோப்பு ஒன்றை அதே கோப்புறையில் உருவாக்க முயலும். இருவர் ஒரே நேரத்தில் ஒரே வரியை மாற்றிக் குழப்பிவிடாதிருக்கவே இந்த ஏற்பாடு. குறுந்தட்டிலோ எதையும் புதிதாக எழுத முடியாது. ஆகவே, சில வேளைகளில் கோப்பு படிப்பதற்கு மட்டும் திறக்கும். சில வேளைகளில் பிழைச் செய்தியே வரும்.

இதற்குத் தீர்வு எளிது. கோப்பை முதலில் கணினியின் வன்தட்டுக்குப் படியெடுக்க வேண்டும். பழைய விண்டோஸ் கணினிகளில் 'படிக்க மட்டும்' என்ற குறியும் படியோடு சேர்ந்தே வந்துவிடும். கோப்பின் பண்புகளைத் திறந்து அக்குறியை நீக்க வேண்டும். பலர் இதைத்தான் மறந்துவிடுகின்றனர்.

'கோப்பைக் காணவில்லை' என்று வந்தால் காரணம் வேறு. இணைக்கப்பட்ட அட்டவணை, மூலக் கோப்பின் முழு முகவரியையும் நினைவில் வைத்திருக்கும். நேற்று 'இ' என்ற எழுத்தைப் பெற்றிருந்த விரலி இன்று 'எஃப்' ஆகிவிட்டால், மென்பொருள் பழைய இடத்திலேயே தேடும். இணைப்பு அட்டவணை நிர்வாகியைத் திறந்து புதிய இடத்தைக் காட்டினால் போதும்.

படியெடுக்கும்போதே தடங்கல் ஏற்பட்டால்தான் தட்டை ஐயுற வேண்டும். மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைத்து, வேறொரு கணினியில் முயன்று பார்க்கலாம்.

படியில் செய்யும் திருத்தம் எதுவும் மூலத் தட்டைச் சென்றடையாது. இங்கு அது நன்மையே. பழைய பதிவேடுகளில் ஒரே பெயர் கிராணியின் காதில் விழுந்தபடி இரண்டு மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். ஆகவே, கவனமாகப் பணியாற்றுவோர் பதிவேட்டில் உள்ள எழுத்துக்கு ஒரு நிரலும் திருத்திய எழுத்துக்கு மற்றொரு நிரலும் வைப்பர். அடையாள அட்டையில் உள்ள பெயரோடு ஒப்பிடும்போது இரண்டும் தேவைப்படும்.