சேசிஸ் துருப்பிடித்த பிக்கப்: வெட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை

ஜோகூரில் பழைய பிக்கப் வாங்கும் நம் மக்கள் பானெட்டைத் திறந்து எஞ்சின் சத்தத்தைக் கேட்கிறார்கள், டயரைத் தட்டிப் பார்க்கிறார்கள், ஏர்கோனைப் போட்டுப் பார்க்கிறார்கள். அடியில் படுத்து சேசிஸைப் பார்ப்பவர் அரிது. சில மாதங்களில் பின்பக்க ஸ்பிரிங் தாங்கி துருவோடு பிய்ந்து வருகிறது. கிடைத்த பட்டறையில் மேலே ஒரு தகட்டை வைத்து வெல்டிங் அடித்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். பிறகு விற்கப் போனால், சேசிஸ் எண் சரியாக இல்லை என்று பெயர் மாற்றம் நின்றுவிடுகிறது. இதே தவறு இதே வரிசையில் திரும்பத் திரும்ப நடக்கிறது.

"நம் ஊரில் பனியா கொட்டுகிறது, துரு பிடிக்க?" என்று கேட்பவர்கள் உண்டு. குளிர்நாடுகளில் சாலையில் தூவும் உப்பு இங்கே இல்லைதான். ஆனால் செம்பனைத் தோட்டத்துக்கு மூட்டை மூட்டையாக ஏற்றிப்போகும் பொட்டாஷ் உரமே ஒருவகை உப்பு. கிழிந்த மூட்டையிலிருந்து கொட்டியது பின்தட்டின் இடுக்கு வழியாக சேசிஸில் இறங்கி, மழை ஈரத்தோடு சேர்ந்து இரும்பைத் தின்கிறது. மெர்சிங், பொந்தியான் கரையோரங்களில் கடற்காற்று. 2006-2007 வெள்ளத்தில் கோத்தா திங்கியும் சிகாமட்டும் மூழ்கின. 2023 மார்ச்சில் பத்து பகாட், யோங் பெங் பகுதிகளில் தண்ணீர் பல நாள் வடியவில்லை. வெள்ளத்தில் நின்ற வண்டியின் சேசிஸ் குழலுக்குள் புகுந்த சேறு தானாக வெளியே வராது. துரு உள்ளிருந்து அரிக்கும். வெளியே ஓட்டை தெரியும்போது பாதி இரும்பு போயிருக்கும்.

இது பெரிய கம்பெனிகளுக்கே நேர்ந்த விஷயம். அமெரிக்காவில் டக்கோமா, டுண்ட்ரா, செகுவோயா வண்டிகளின் சேசிஸ் துரு வழக்கில் டொயோட்டா 2016இல் சமரசத்துக்கு வந்தது. சுமார் 15 லட்சம் வண்டிகள், ஏறக்குறைய 340 கோடி டாலர் மதிப்பு. ஆனால் அது அந்த நாட்டு உரிமையாளர்களுக்கானது. இங்கே நம் வண்டியை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? வண்டியை ஹாய்ஸ்டில் ஏற்றச் சொல்லுங்கள். பின் அச்சுக்கு மேல் சேசிஸ் வளையும் இடம், ஸ்பிரிங் தாங்கிகள், குறுக்குச் சட்டங்கள், ஸ்பேர் டயர் தொங்கும் இடம், எண்ணெய்த் தொட்டிக்கு மேலுள்ள சேசிஸ் பகுதி ஆகியவற்றைச் சிறு சுத்தியலால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இரும்பு மந்தமாகக் கேட்கும். சந்தேகமான இடத்தில் ஸ்க்ரூடிரைவரை அழுத்திப் பாருங்கள். பழைய வண்டிக்குப் புத்தம் புதிதாகக் கறுப்பு அண்டர்கோட் அடித்திருந்தால் அதை நல்ல அறிகுறி என்று எண்ண வேண்டாம். அதைச் சுரண்டிப் பார்க்க விடாத விற்பனையாளரிடம் வாங்கவே வேண்டாம்.

"புஸ்பாகோமில் பாஸ் ஆன வண்டிதானே" என்று வாகனச் சோதனை நிறுவனத்தைக் காட்டிச் சொல்லும் சமாதானத்தையும் நம்பாதீர்கள். பெயர் மாற்றத்துக்கான பி5 சோதனையின் முக்கிய வேலை வண்டியின் அடையாளத்தை உறுதிசெய்வது. சேசிஸ் இன்னும் பத்தாண்டு தாங்கும் என்று அது யாருக்கும் உத்தரவாதம் தருவதில்லை. வணிக வாகனங்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை உண்டு. தனியார் பெயரில் பதிந்த பிக்கப்புக்கு அப்படி ஒரு கட்டாயமே இல்லை. இருபது வருடம் தோட்டத்தில் பாரம் இழுத்த வண்டி, விற்கும் நாள் வரை எந்த அதிகாரியின் கண்ணிலும் படாமல் சாலையில் ஓடலாம். இந்த ஓட்டையை அரசாங்கம் ஏன் இன்னும் அடைக்கவில்லை என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

இனி மிக முக்கியமான விஷயம். பெரும்பாலான பிக்கப்புகளில் சேசிஸ் எண், வலது முன் சக்கரத்துக்கு அருகே சேசிஸிலேயே அடிக்கப்பட்டிருக்கும். அந்த இடத்தை வெட்டாதீர்கள், அரைக்காதீர்கள், அதன்மேல் வெல்டிங் செய்யவே செய்யாதீர்கள். எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். துருவால் எண் மங்கியிருந்தால் பட்டறைக்காரர் "நானே அடித்துத் தருகிறேன்" என்பார், சம்மதிக்காதீர்கள். முதலில் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அலுவலகம் போய் நிலைமையைச் சொல்லி, எழுத்து மூலம் அனுமதி பெற்று, அவர்கள் சொல்லும் சோதனைக்கு வண்டியைக் கொண்டுபோய்க் காட்டிய பிறகே எண்ணில் கை வைக்க வேண்டும். முழு சேசிஸையும் மாற்றுவதானாலும் இதே வரிசைதான்: முதலில் அனுமதி, பிறகு வேலை, பிறகு சோதனை, கடைசியில் கிராண்டில் (பதிவுச் சான்றிதழில்) திருத்தம். பழைய உதிரிபாகங்கள் விற்கும் ஹாஃப்-கட் கடையில் வாங்கும் சேசிஸுக்கு, அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்று காட்டும் ரசீதை வாங்கி வையுங்கள். திருட்டு வண்டியின் சேசிஸ் என்று தெரியவந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

சின்ன பழுதென்றாலும் அரித்த இரும்பின் மேல் தகடு ஒட்டுவது பழுதுபார்ப்பல்ல. துருவை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்துவிட்டுத்தான் புதுத் துண்டு சேர்க்க வேண்டும். வேலைக்கு முன்பும் நடுவிலும் பின்பும் படம் எடுங்கள். வேலை விவரம் எழுதிய ரசீது கேளுங்கள். துருவும் தேய்மானமும் காப்புறுதியில் சேராது. விபத்துக்குப் பிறகு இதைத் தெரிந்துகொண்டு பயனில்லை.

ஏமாற்றப்பட்டவருக்கு வழி உண்டு. வியாபாரியிடம் சொந்த உபயோகத்துக்கு வாங்கியிருந்தால், 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம். பழைய வண்டி என்பதற்காக அதன் வயதும் விலையும் கணக்கில் எடுக்கப்படும். ஆனால் "இருக்கிற நிலையில் விற்றது" என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டதால் மட்டுமே வியாபாரி தப்ப முடியாது. அதே சமயம், துருவை நீங்கள் வாங்கும்முன்பே அவர் குறிப்பாகச் சுட்டிக்காட்டியிருந்தால் அந்தக் குறைக்காகப் பிறகு கோர முடியாது. ஆகவே கையெழுத்துப் போடும் தாளைப் படியுங்கள். தயவுசெய்து படியுங்கள்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் போராங் 1 நிரப்பி 5 ரிங்கிட் கட்டணம் செலுத்தினால் போதும். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. இணையம் வழியாகவும் பதியலாம். விற்பனை ஒப்பந்தம், பணம் கட்டிய ரசீது, விளம்பரத்தின் படம், வாட்ஸ்அப் உரையாடல், வேறொரு பட்டறை எழுதித் தந்த துரு அறிக்கை ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுங்கள். தீர்ப்பை 14 நாளில் நிறைவேற்றாத வியாபாரி குற்றம் செய்தவராவார். வண்டியைத் திருப்பிக் கொடுக்க விரும்பினால் தாமதிக்காதீர்கள். பல மாதம் பாரம் ஏற்றிவிட்டுப் பிறகு வேண்டாம் என்றால் அந்த உரிமை கைநழுவும். தனிநபரிடம் வாங்கியிருந்தால் இந்த மன்றம் உதவாது. 5,000 ரிங்கிட் வரையுள்ள தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவை நாடலாம்.

சரிசெய்ய முடியாத வண்டியைப் பழைய இரும்புக்காரரிடம் தள்ளிவிட்டு மறந்துவிடாதீர்கள். ஜேபிஜேயில் பதிவை ரத்து செய்து, அதற்கான தாளைக் கையில் வாங்குங்கள். பதிவு ரத்தாகும்வரை அந்த எண்ணுக்கு வரும் சம்மன் உங்கள் பெயருக்குத்தான் வரும்.