கற்பனைக் கால்பந்தின் இறுதிக் கட்டம்

ஆண்டு முழுவதும் நன்றாகப் படித்தவன் தேர்வு நாளன்று காய்ச்சலில் விழுந்தால் அவன் உழைப்பு என்னாவது? மாணவராகிய நமக்கு இக்கேள்வி புதிதன்று. அமெரிக்காவில் கற்பனைக் கால்பந்து ஆடுவோரும் இதே கேள்வியோடுதான் மல்லுக்கு நிற்கின்றனர். அவர்கள் கண்ட விடையை ஈண்டு விளக்க முற்படுகிறேன்.

அது என்ன கற்பனைக் கால்பந்து? மைதானத்தில் இறங்காமலே ஆடும் ஆட்டம். ஓக்லண்டு ரெய்டர்ஸ் என்னும் அமெரிக்கக் கால்பந்துக் குழுவின் பங்குதாரர் பில் விங்கன்பாக் என்பவர், 1962இல் நியூயார்க்கில் ஓட்டல் அறையொன்றில் நண்பர்களுடன் அமர்ந்து இதற்கு விதி வகுத்தார். உண்மையான ஆட்டக்காரர்களை ஆளுக்குச் சிலராகப் பங்கிட்டு, அவரவர் ஒரு குழு அமைத்துக்கொள்வர். அவ்வாட்டக்காரர்கள் அந்த வாரம் களத்தில் சாதிப்பவை புள்ளிகளாகும். வாரந்தோறும் இருவர் இருவராக மோதுவர். கூடுதல் புள்ளி பெற்றவருக்கே வெற்றி.

பன்னிருவர் சேர்ந்து ஆடுவதாகக் கொள்வோம். வழக்கமான ஏற்பாடு இது: 14 வாரம் முடிந்ததும் பட்டியலின் முதல் ஆறு பேர் இறுதிக் கட்டத்துள் நுழைவர். 15ஆம் வாரம் மூன்றாமவர் ஆறாமவரோடும், நான்காமவர் ஐந்தாமவரோடும் மோதுவர். தோற்றவர் அத்தோடு வெளியே. 16ஆம் வாரம் அரையிறுதி. 17ஆம் வாரம் இறுதி ஆட்டம். பருவம் 18 வாரமாயிற்றே என்பீர்கள். கடைசி வாரத்தில், முன்னேறிவிட்ட குழுக்கள் தம் சிறந்த ஆட்டக்காரர்களுக்கு ஓய்வு கொடுத்துவிடும். ஆகவே அதை ஒதுக்கிவிடுகிறார்கள்.

முதல் இரண்டு இடத்தார் 15ஆம் வாரம் ஆடாமலே அரையிறுதிக்குச் செல்வர். இச்சலுகையின் மதிப்பு என்ன? எல்லாரும் சமபலம் என்று கொண்டால், மூன்று ஆட்டம் வெல்லவேண்டியவருக்கு எட்டில் ஒரு வாய்ப்பு; இரண்டே வெல்லவேண்டியவருக்கு நான்கில் ஒரு வாய்ப்பு. 14 வார உழைப்புக்குக் கூலி, இரட்டிப்பு வாய்ப்பு!

ஆயினும் ஒரு குறை உண்டு. பன்னிருவருள் இரண்டாவது அதிகப் புள்ளி எடுத்தவர், அதே வாரம் முதல்வரோடு மோத நேர்ந்தால் தோற்பார். மற்றப் பதின்மரையும் மிஞ்சியிருந்தும் தோல்விதான்! இப்படிச் சில வாரம் நேர்ந்தால் திறமைசாலியும் ஏழாம் இடத்தில் நிற்பார். இதற்குச் சிலர் ஒரு மருந்து கண்டனர். ஐந்து இடங்களை வெற்றிக் கணக்கால் நிரப்பி, ஆறாம் இடத்தை எஞ்சியவருள் மொத்தப் புள்ளி மிகுந்தவருக்கு அளிக்கின்றனர்.

என்னைக் கேட்டால் இதுவே நேர்மையான முறை. அதிர்ஷ்டத்தை அடியோடு ஒழித்தால் ஆட்டத்தில் சுவை இராது. அதற்கே எல்லாவற்றையும் விட்டுவிட்டால் உழைப்பவன் ஊக்கமிழப்பான். நீங்களும் நண்பர்களுடன் இவ்வாட்டம் தொடங்குவீர்களாயின் ஒன்று சொல்வேன்: இறுதிக் கட்ட விதிகளை முதல் வாரத்துக்கு முன்பே எழுதி, எல்லாரிடமும் ஒப்பம் பெறுங்கள். நடுவில் மாற்றும் விதி எத்தனை நல்லதாயினும், யாரோ ஒருவருக்கு அநீதியாகவே முடியும்.