பதிப்பு மாறுமுன் பரீட்சை

2025-ஆம் வருஷம் அக்டோபர் 14-ந் தேதியுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோஸாப்ட் கம்பெனி அளித்துவந்த சாதாரண ஆதரவு முடிந்துவிட்டது. காரியாலயங்களிலும் அச்சகங்களிலும் கடைகளிலும் அதை ஒட்டி எழுந்த கேள்வி ஒன்றே. புதிய பதிப்புக்கு மாறினால் நமது பழைய மென்பொருள் ஓடுமா? கேள்வி சிறியதுதான். ஆனால் பத்து வருஷக் கணக்கும் கடிதமும் பதிவேடும் அதற்கு வரும் பதிலைப் பொறுத்திருக்கின்றன.

மென்பொருள் தனித்து நின்று இயங்குவதன்று. கோப்பைத் திறக்கவும், நினைவகத்தில் இடம் பெறவும், தாளில் அச்சிடவும் அது கணந்தோறும் இயங்குதளத்தின் உதவியை நாடுகிறது. கேட்கும் முறையும் கொடுக்கும் முறையும் ஒத்திருக்கும் வரையில் வேலை நடக்கும். மீட்டர் கேஜ் பாதைக்குச் செய்த எஞ்சின் அகலப் பாதையில் ஓடாது. அது எஞ்சினின் பழுதன்று. பாதையின் அளவு வேறு. மென்பொருளின் நிலையும் இதுவே.

எந்தெந்த இடத்தில் அளவு மாறுகிறது? முதலாவது பிட் வித்தியாசம். 16 பிட் மென்பொருளை 64 பிட் விண்டோஸ் ஏற்பதில்லை. 32 பிட் விண்டோஸ் 10-ல் அத்தகைய பழைய மென்பொருளை ஒருவாறு ஓட்டிவந்தவர்கள் உண்டு. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது; ஆகையால் அந்த வழியும் அடைபட்டது. ஆப்பிள் கம்பெனி 2019 அக்டோபரில் வெளியிட்ட மாக் ஓஎஸ் கேட்டலினா, 32 பிட் மென்பொருள்களை அடியோடு விலக்கிவிட்டது. முதல் நாள் வரை ஓடியவை மறுநாள் திறக்கவும் மறுத்தன.

இரண்டாவது, விதிகளின் மாறுதல். 2007-ல் வந்த விண்டோஸ் விஸ்டா, சாதாரண உபயோகிப்பாளருக்கு இருந்த அதிகாரத்தைக் குறைத்தது. இயங்குதளத்தின் உட்பகுதியில் தம் இஷ்டப்படி எழுதிவந்த பல மென்பொருள்கள் தடுமாறின. அச்சுயந்திரத்தையும் ஸ்கேனரையும் இயக்கும் டிரைவர்களின் கதையும் அதுதான். 32 பிட் விண்டோஸுக்கென்று எழுதிய டிரைவரை 64 பிட் விண்டோஸ் ஏற்காது. மென்பொருள் ஓடினாலும் தாள் வெளிவராது!

மூன்றாவது விநோதமானது. சில மென்பொருள்கள் பதிப்பின் எண்ணைக் கேட்டு, அது பிடித்தால்தான் வேலை செய்யும். எக்ஸ்பியின் உள் எண் 5.1, விஸ்டாவின் உள் எண் 6.0. முதல் எண் 5-க்குக் குறையாமலும், இரண்டாம் எண் 1-க்குக் குறையாமலும் இருக்கவேண்டுமென்று எழுதிய மென்பொருள், 6.0-ஐப் பழைய பதிப்பென்று எண்ணித் தள்ளிவிடும். இத்தகைய தொல்லைக்கு அஞ்சியே விண்டோஸ் 7-க்கு உள் எண் 6.1 என்று வைத்தார்கள். விண்டோஸ் 11-ம் உள்ளே தன்னை 10.0 என்றே சொல்லிக்கொள்கிறது.

நான்காவது, மறைந்து கிடக்கும் பிழை. சிம்சிட்டி என்னும் விளையாட்டு மென்பொருள், வேண்டாமென்று திருப்பிக் கொடுத்த நினைவகத்தை மறுபடியும் உபயோகித்துவந்தது. பழைய ஏற்பாட்டில் அது எப்படியோ நடந்தது. விண்டோஸ் 95-ல் நடக்கவில்லை. ஆகவே சிம்சிட்டி ஓடும்போது மட்டும் நினைவகத்தை வேறு விதமாகப் பங்கிடும்படி இயங்குதளத்திலேயே தனி ஏற்பாடு செய்தார்கள் என்று ஜோயல் ஸ்பால்ஸ்கி 2004-ல் எழுதினார். பிரபலமான விளையாட்டுக்கு இந்தச் சலுகை கிடைத்தது. ஒரு சிறு நகரத்துக் கடையின் கணக்கு மென்பொருளுக்கு யார் இதைச் செய்வார்?

ஆகவே நாமே பரீட்சை செய்துகொள்ள வேண்டும். இன்று ஓடுகிறது என்பதனால் ஒரு மென்பொருள் பிழையற்றதாகிவிடாது. புதிய பதிப்பில் திறந்துகொண்டது என்பதனால் அது ஓடுகிறது என்றும் ஆகாது.

முதலில், எந்தப் பதிப்பில் சோதித்தார்கள் என்று மென்பொருளைச் செய்தவரிடம் கேட்க வேண்டும். அடுத்து, கோப்புகள் யாவற்றுக்கும் நகல் எடுத்து, அந்த நகலைத் திறந்து பார்க்க வேண்டும். அதன் பிறகு, வேறொரு கணினியிலோ, இருக்கும் கணினிக்குள் அமைத்த மெய்நிகர்க் கணினியிலோ புதிய பதிப்பை ஏற்றி, ஒரு மாத வேலையை ஆதி முதல் அந்தம் வரை செய்து பார்க்க வேண்டும். மிகப் பழைய கோப்பைத் திறக்க வேண்டும், திருத்திச் சேமிக்க வேண்டும், அச்சிட வேண்டும், கூட்டுத்தொகையைப் பழைய தாளுடன் ஒப்பிட வேண்டும். டிரைவர் விஷயத்தில் மெய்நிகர்க் கணினியை நம்புவதற்கில்லை. நிஜமான யந்திரத்திலேயே சோதிக்க வேண்டும். தமிழில் வேலை செய்வோருக்கு மற்றொரு சோதனையும் உண்டு. யூனிகோட் பரவுமுன் டாம், டாப் முதலிய குறியீடுகளில் எழுதிய கோப்புகள், அவற்றுக்குரிய எழுத்துரு இல்லாவிடில் அர்த்தமற்ற அன்னிய எழுத்துக்களாகவே தோன்றும்.

எக்ஸ்பி காலம் முதல் விண்டோஸில் இணக்க முறை என்னும் வசதி உண்டு. பழைய பதிப்பில் இருப்பதாகவே மென்பொருளை நம்பச் செய்வது அது. எண் கேட்கும் தொல்லையை அது தீர்க்கலாம்; 16 பிட் தொல்லையையும் டிரைவர் தொல்லையையும் தீர்க்காது.

இத்தனை சிரமம் எதற்கு, பழைய பதிப்பிலேயே இருந்துவிடலாமே என்று சிலர் கேட்கலாம். 2017 மே மாதம் வானாக்ரை என்னும் தீம்பொருள் பரவியபோது பிரிட்டனின் பொது ஆஸ்பத்திரிகளில் சிகிச்சைகள் தள்ளிப்போயின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் மாதத்திலேயே வந்திருந்தது. அதை ஏற்றாத கணினிகளே விழுந்தன. ஆதரவு முடிந்த பதிப்புக்கோ இத்தகைய திருத்தம் ஒழுங்காக வருவதே இல்லை. பழைய மென்பொருளை விட முடியாதவர்கள், அதை ஓட்டும் கணினியை வலையினின்று பிரித்து, அந்த ஒரு வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்வதே தகும்.

பொறுப்பு முழுவதையும் உபயோகிப்பாளர் தலையில் சுமத்துவது நியாயமாகாது. லினக்ஸ் கருவை நடத்துவோர், மேலே ஓடும் மென்பொருளைத் தம் மாறுதல் முறிக்கலாகாது என்பதை விதியாகக் கொண்டிருக்கிறார்கள். விற்பவர் அனைவரிடமும் இந்த மனப்பான்மையை நாம் எதிர்பார்க்கலாம். முக்கியமாக, பொதுப் பணத்தில் மென்பொருள் வாங்கும் ஸ்தாபனங்கள் மூன்று நிபந்தனைகளை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். எந்தெந்தப் பதிப்பில் சோதிக்கப்பட்டது? புதிய பதிப்பு வரும்போது சோதித்துத் திருத்திக் கொடுப்பவர் யார்? மென்பொருள் நின்றுபோனாலும் கோப்புகளை வேறொன்றில் திறக்க வழி என்ன? இவற்றுக்குப் பதில் சொல்லாதவரிடம் வாங்குவது, நமது பெட்டியின் சாவியைப் பிறர் கையில் கொடுப்பதாகும்.

பதிப்பு மாறும் தேதியைக் கம்பெனி நிர்ணயிக்கிறது. அந்தத் தேதிக்கு முன்பே பரீட்சையை முடித்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.