சிதறுகாய் ஆகாத வால்நட்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய இரும்பு விற்பவர் ஒருவரிடம், "நட்கிராக்கர் இருக்கா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, தாழ்ப்பாளும் துருப்பிடித்த பூட்டும் குவிந்திருந்த சாக்குக்குள் கையை விட்டார். வெளியே வந்தது ஒரு பாக்குவெட்டி.

"பாக்கையே வெட்டும் சார். இந்தக் கொட்டையை வெட்டாதா?"

நியாயமான கேள்வி. பள்ளியில் இரண்டாம் வகை நெம்புகோலுக்கு வாத்தியார் சொன்ன உதாரணமும் பாக்குவெட்டிதானே. பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு கிழக்குத் தாம்பரத்துக்கு பஸ் ஏறினேன்.

வீட்டில் ஒரு கிலோ வால்நட் ஓட்டோடு காத்திருந்தது. எங்கள் அடுக்ககத்தின் மேல்மாடிக்காரர் விமானப்படையில் இருக்கிறார். ஸ்ரீநகரிலிருந்து தாம்பரத்துக்கு மாற்றலாகி வந்தபோது ஒரு மூட்டை கொண்டுவந்து, வீட்டுக்கு ஒரு கிலோ என்று பிரித்துக் கொடுத்தார். எதை வைத்து உடைப்பது என்று மட்டும் சொல்லவில்லை. அடுத்த ஒரு வாரம் எங்கள் குடியிருப்பில் இரவு ஒன்பது மணிக்கு மேல் எல்லா மாடியிலும் டொக், டொக் என்று சத்தம். கீழ்வீட்டுப் பாட்டி செயலாளரிடம் புகாரே கொடுத்துவிட்டார்.

பாக்குவெட்டி முதல் கொட்டையிலேயே தோற்றது. ஒருபக்கக் கத்தி ஓட்டின் வழவழப்பில் வழுக்கியது. இன்னும் அழுத்தியதும் ஓட்டைப் பிளந்துகொண்டு உள்ளே போய், பருப்பையும் சேர்த்துக் கூறு போட்டது. யோசித்துப் பார்த்தால் பாக்குவெட்டி மேல் குற்றமில்லை. கொட்டைப்பாக்கு உள்ளும் புறமும் ஒரே திண்மம். அதைச் சீவலாக வெட்டத்தான் அந்தக் கத்தி. வால்நட் அப்படியில்லை. மேலே ஓடு, நடுவில் ஒரு மெல்லிய காற்று இடைவெளி, அதற்குள் பருப்பு. ஓடு போக வேண்டும், பருப்பு தப்ப வேண்டும். வெட்டுவது வேறு, உடைப்பது வேறு.

இந்த வேறுபாடு நமக்குப் புதிதல்ல. பிள்ளையார் கோயில் வாசலில் விடலை போடும்போது ஓங்கி அடிக்கிறோம். எத்தனை துண்டாகச் சிதறுகிறதோ அத்தனை திருப்தி. அதே தேங்காயை அர்ச்சனைத் தட்டில் வைக்கும்போது குருக்கள் அரிவாளின் பின்பக்கத்தால் சுற்றிவரத் தட்டி, சரிபாதியாகப் பிளந்து வைக்கிறார். காய் ஒன்றுதான், கை வேறு. வால்நட்டிலும் நமக்கு வேண்டியது அர்ச்சனைத் தேங்காய். முரட்டுக் கருவி எல்லாம் தருவது சிதறுகாய்.

தேங்காயை இழுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கொட்டாங்கச்சியும் வால்நட் ஓடும் செடியின் கணக்கில் ஏறக்குறைய ஒரே உறுப்பு: கனியின் தோலில் உள்ளடுக்கு கட்டை போல இறுகிப்போனது. மரத்தில் இருக்கும்போது வால்நட்டைச் சுற்றிப் பச்சைத் தொலி ஒன்று இருக்கும். அது கையில் பட்டால் கறுப்புக் கறை சுலபத்தில் போகாது. செப்டம்பரில் காஷ்மீரில் நீளக் கழியால் மரத்தை உலுக்கி உதிர்த்து, அந்தத் தொலியை நீக்கிக் காயவைத்தபின்தான் நாம் பார்க்கும் தவிட்டு நிறக் கொட்டை வரும். நாட்டில் விளையும் வால்நட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஜம்மு காஷ்மீருடையது.

அந்த ஓடு ஏன் இவ்வளவு அடம்பிடிக்கிறது? 2019ஆம் ஆண்டு வியன்னா ஆய்வாளர்கள் அதை நுண்ணோக்கியில் அடுக்கடுக்காகப் படமெடுத்துப் பார்த்தார்கள். ஓடு முழுக்க ஒரே வகைச் செல். ஒவ்வொன்றும் விரல் விரலாக நீண்டு, பக்கத்துச் செல்லின் பள்ளங்களில் செருகிக்கொண்டிருக்கிறது. குழந்தைகள் படத்துண்டுகளைக் கோத்து விளையாடுவார்களே, அதையே முப்பரிமாணத்தில் செய்தது போல. ஒரு செல் சராசரியாக 14 அண்டைச் செல்களோடு பூட்டிக்கொள்கிறதாம். ஒரு விரிசல் உள்ளே புக வேண்டுமானால் இத்தனை பூட்டையும் சுற்றி வளைந்து போக வேண்டும்.

ஆனால் ஒவ்வொரு வால்நட்டிலும் தையல் போட்டது போல ஒரு வரி ஓடுகிறது. கூர்முனையில் தொடங்கி அடி வழியாகச் சுற்றி மறுபடி முனைக்கே வரும். இரண்டு அரை ஓடுகள் சேரும் இடம் அது; பூட்டு தளர்ந்த இடமும் அதுதான். உடைப்பவருக்குத் தெரிய வேண்டிய உடற்கூறு இவ்வளவே. அழுத்தம் அந்த வரியின் மேல் விழ வேண்டும். அதாவது நட்கிராக்கரின் இரு தாடைகளும் கன்னங்களைப் பிடிக்காமல், எதிரெதிரே வரியைப் பிடிக்க வேண்டும். அப்போது ஓடு பக்கவாட்டில் விரிய முயன்று, தையல் பிரிகிறது. கன்னத்தில் அழுத்தினால் அந்த இடம் உள்ளே நொறுங்கிப் பருப்பில் குத்துகிறது. எனக்கு இது புரிய இருபது கொட்டை செலவானது.

சரி, எதை வைத்து அழுத்துவது?

நம் வட்டாரத்தில் இந்தக் கேள்வி மிகப் பழையது. 1863 மே 30 அன்று புவியியல் ஆய்வுத்துறையின் ராபர்ட் புரூஸ் ஃபூட் இதே பல்லாவரத்தில், சரளை தோண்டிய குழி ஒன்றில், மனிதக் கையால் செதுக்கப்பட்ட கல் ஒன்றை எடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலக் கருவி என்று முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது அதுதான். வெட்டவும் கிழிக்கவும் செய்யப்பட்ட கைக்கோடாரிக் கல் வகை. அதை வைத்திருந்தவர் கொட்டை உடைத்தாரா என்பதற்குச் சாட்சி இல்லை. ஆனால் அதே வகைக் கைக்கோடாரிகளைச் செய்த மக்கள் இஸ்ரேலில் கேஷர் பெனோட் யாகோவ் என்ற இடத்தில் சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முன்பு கொட்டை உடைத்திருக்கிறார்கள். குழி விழுந்த கற்களும் கொட்டை ஓடுகளும் சேர்ந்தே கிடைத்தன. சிம்பன்சிகளுக்கும் இது கைவந்த கலை. மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில் தாய் காட்டில் அவை பயன்படுத்திய 4,300 ஆண்டுப் பழைய கற்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். ரயில்வே குவார்ட்டர்ஸ் தெருக்களில் நாட்டு வாதுமைக் கொட்டையைப் பிளாட்பாரக் கல்லில் வைத்துத் தட்டித் தின்ற எங்கள் தலைமுறையும் அதே பரம்பரைதான்.

கல்லிலும் சுத்தியலிலும் ஒரே சங்கடம்: கை இறங்கிவிட்டால் நிறுத்த முடியாது. ஓடு உடையத் தேவையான விசைக்கு மேல் மிச்சமிருப்பது முழுவதையும் பருப்பு வாங்கிக்கொள்கிறது. வால்நட் ஓடு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அமுங்கியதும் படீரென்று விட்டுக்கொடுக்கும். உள்ளே இருக்கும் இடைவெளியும் ஏறத்தாழ அவ்வளவே. இந்த ஒன்றிரண்டு மில்லிமீட்டரில்தான் முழு விஷயமும் இருக்கிறது. விசை எங்கும் கிடைக்கும். நிறுத்தத் தெரிந்த கருவிதான் கிடைப்பது அரிது. கடையில் நட்கிராக்கரைக் கையில் எடுத்ததும் 'இது எவ்வளவு அழுத்தும்' என்று கேட்கத் தோன்றும். 'இது எங்கே நிற்கும்' என்று கேளுங்கள்.

வீட்டில் இருப்பதை வைத்தே சமாளிக்க வேண்டுமானால் இடிகல் பரவாயில்லை. கொட்டையைக் கூர்முனை மேலாக நிற்கவைத்து, ஈரத்துணியால் சுற்றிப் பிடித்து, குழவியால் முனையில் சின்னச் சின்னதாகத் தட்ட வேண்டும். ஒரே அடியாக அல்ல. குருக்கள் தட்டுவது போல. துணி இல்லாவிட்டால் ஓட்டுச் சில்லு கண்ணுக்கு வரும், ஜாக்கிரதை. காகிதம் போன்றது என்று பொருள்படும் 'காக்ஜி' வகைக்கு இதுகூட வேண்டாம். காம்பு இருந்த அடிப்பக்கத்தில் வரி சற்றே வாய் பிளந்திருக்கும். அதில் தட்டையான திருப்புளியின் முனையை நுழைத்து ஒரு திருப்பு திருப்பினால் பாதிப்பாதியாக வந்துவிடும். கத்தி வேண்டாம். வழுக்கினால் உள்ளங்கைதான்.

சிலர் கதவுக் கீலிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்துவார்கள். அதுவும் பாக்குவெட்டியைப் போல இரண்டாம் வகை நெம்புகோல்தான், அதுவும் மூன்றடி நீளக் கைப்பிடியோடு! கொட்டை நிச்சயம் உடையும். சில நாளில் கீல் ஆணியும் கழன்று வரும்; பிறகு தச்சருக்குக் கொடுக்கும் கூலியில் உரித்த பருப்பே வாங்கியிருக்கலாம். இரண்டு கொட்டைகளை ஒரே கைக்குள் வைத்து இறுக்குவது இதைவிட அழகான வித்தை. தொடும் இடம் ஊசிமுனை அளவு என்பதால் அழுத்தம் அங்கே குவிகிறது, பலவீனமானது உடைகிறது. ஆனால் கடைசியில் துணையில்லாமல் ஒன்று எப்போதும் மிஞ்சும். ஜப்பானின் செண்டாய் நகரத்துக் காக்கைகள் வால்நட்டைச் சாலையில் வைத்துவிட்டு, கார் ஏறி உடைத்ததும் பொறுக்கித் தின்கின்றன. ஜிஎஸ்டி ரோட்டில் அந்த யோசனை பலிக்காது. மாநகரப் பேருந்து போனபின் தார் ரோட்டில் எண்ணெய்க் கறைதான் இருக்கும்.

இனி வாங்குவதற்கு வருவோம். தாம்பரம் பாத்திரக் கடைகளிலும் சூப்பர் மார்க்கெட்டிலும் அதிகம் கிடைப்பது இரட்டைக் கை நெம்புகோல் வகை. கீலிலிருந்து கொட்டை 3 செ.மீ., உங்கள் கை 15 செ.மீ. என்றால் உங்கள் பலம் ஐந்து மடங்காகிறது. 40 கிலோ அழுத்தம் கேட்கும் ஓட்டுக்கு 8 கிலோ பிடி போதும். குறை என்னவென்றால், ஓடு விட்டுக்கொடுத்த நொடியில் கை தானாக மூடிக்கொள்ளும். கல்லில் சொன்ன அதே சங்கடம். ஆகவே முழுக்க மூடினாலும் தாடைகளுக்கிடையே விரல் பருமனுக்கு மேல் இடைவெளி விடும் கருவியாகப் பாருங்கள். வால்நட்டின் குறுக்களவு மூன்று, நான்கு செ.மீ. இருக்கும், சிறு கொட்டைகளுக்குச் செய்த தாடையில் அது அடங்காது. பளபளவென்று வார்ப்பு உலோகத்தில் வருபவை கீலருகே சட்டென்று முறிகின்றன. எனக்கு இரண்டு முறை ஆனது. கனமான எஃகு தேவலை.

என் ஓட்டு திருகு வகைக்கு. மரக் கிண்ணமோ வளையமோ இருக்கும். உள்ளே கொட்டையை வைத்து மேலிருந்து திருகாணியை இறக்க வேண்டும். மரை ஒரு சுற்றுக்கு 2 மி.மீ. மட்டும் இறங்குகிறது, கையோ அந்நேரம் இருபது செ.மீ. அளவுக்குச் சுற்றிவருகிறது. கணக்குப்படி தொண்ணூறு மடங்குக்கு மேல். உராய்வு பெரும்பகுதியைத் தின்றாலும் மிஞ்சுவது தாராளம். மூட்டுவலி உள்ள அம்மாவும் உடைக்கலாம். முக்கியமானது, அரைச் சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர்தான். 'க்ரிக்' என்ற சத்தம் கேட்டதும் கையை எடுத்தால் பருப்பு தப்பிவிடும். கொட்டையைச் சற்றே திருப்பி வைத்து இன்னொரு க்ரிக். வேகமில்லை, ஒத்துக்கொள்கிறேன். வால்நட் அவசரத்துக்குத் தின்னும் பண்டமும் இல்லை. ஜெர்மன் பாணியில் பல்லைக் காட்டி நிற்கும் மரச் சிப்பாய் பொம்மையை மட்டும் இதற்காக வாங்க வேண்டாம். சைக்கோவ்ஸ்கியின் 1892ஆம் ஆண்டு பாலே அதை உலகப் புகழாக்கியது. இன்று கடையில் விற்பது பெரும்பாலும் அலங்காரத்துக்குத்தான், தாடை தாங்காது.

முழுப் பருப்புக்கு இத்தனை பாடு எதற்கு, வாயில் போனால் எல்லாம் தூள்தானே என்பவர்கள் பண்ருட்டி முந்திரி வியாபாரிகளைக் கேட்கலாம். முழுப் பருப்புக்கு ஒரு விலை, உடைசலுக்கு வேறு விலை. வால்நட்டில் ஒரு காரணம் கூடுதல். பருப்பில் நூற்றுக்கு அறுபத்தைந்து பங்கு கொழுப்பு, அதிலும் காற்றுப்பட்டால் சீக்கிரம் கெடும் வகை. துண்டு சிறிதாகச் சிறிதாகக் காற்றுப்படும் பரப்பு அதிகம்; சென்னைச் சித்திரை வெயிலில் உரித்த பருப்பு சில வாரத்தில் காறல் வாடை அடிக்கும். ஓட்டோடு வாங்குவதன் லாபமே இதுதான். ஒரு கிலோவுக்கு நானூறிலிருந்து ஐந்நூறு கிராம் பருப்புதான் தேறும் என்றாலும், ஓடு அதைக் காப்பாற்றுகிறது. வேண்டும்போது வேண்டியதை மட்டும் உடையுங்கள். உடைத்து மிஞ்சியது ஃப்ரிட்ஜுக்கு.

இன்னொரு நுட்பத்தை மேல்மாடிக்காரரின் மனைவி சொன்னார். அவர் காஷ்மீரப் பண்டிதர் குடும்பம். சிவராத்திரியை அவர்கள் 'ஹேரத்' என்கிறார்கள். பானைத் தண்ணீரில் வால்நட்டுகளை ஊறவைத்துப் பூஜை செய்து, பிறகு சொந்தபந்தங்களுக்குப் பிரசாதமாகப் பிரித்துக்கொடுப்பது வழக்கம். ஊறிய கொட்டையில் பருப்பு ஈரம் வாங்கித் துவளும். காய்ந்த பருப்பு ஓட்டோடு சேர்ந்து நொறுங்குகிறது. துவண்டது வளைந்து கொடுத்துத் தப்புகிறது. அமெரிக்காவில் பீக்கன் கொட்டை ஆலைகளும் உடைக்குமுன் கொட்டைக்கு ஈரமேற்றுகின்றன. நான் இரவு ஊறவைத்து, காலையில் துடைத்து உடைத்துப் பார்த்தேன். பத்துக்கு ஏழு பாதிப்பாதியாக வந்தது. அப்படி உடைத்ததை அன்றே தின்றுவிட வேண்டும், அல்லது நன்றாக உலர்த்த வேண்டும். ஐப்பசி மழையில் விட்டுவைத்தால் பூஞ்சை.

என் ஒரு கிலோவில் பதினோரு கொட்டைகள் மட்டும் எதற்கும் அசையவில்லை. திருகின் மரக் கைப்பிடியே முனகியது. 'வோந்த்' என்று காஷ்மீரிகள் சொல்லும் கல் ஓட்டு வகை அது என்றார் மேல்மாடிக்காரர். காக்ஜிக்கும் இதற்கும் நடுவில் 'புர்ஸில்' என்று ஒன்று உண்டாம். பையில் போட்டுக்கொண்டு குரோம்பேட்டையில் ஓய்வுபெற்ற ஃபிட்டர் நண்பர் வீட்டுக்குப் போனேன். பின்கட்டில் அவருடைய பழைய வைஸ் இன்னும் மேசையில் பூட்டியிருக்கிறது. கொட்டையின் வரியைத் தாடைக்கு நேராக வைத்தார். கைப்பிடியை ஒரு விரலால் தள்ளினார். கால் சுற்று. சத்தம் வந்ததும் விரலை எடுத்துவிட்டார்.

"பல் இல்லாத எனக்கெதுக்கு, நீயே எடுத்துக்கோ" என்று இரண்டு பாதிகளையும் என் கையில் வைத்தார். பாக்குவெட்டியைக் காட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நல்ல இரும்பு, சாணை பிடிச்சா போதும்" என்று தன் வெற்றிலைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.