ஓய்வுபெறும் நாளுக்கான கணக்கு



எங்கள் வருடாந்தரக் கணக்கறிக்கையைக் கவனமாக வாசிக்கிற அன்பர் ஒருவர், "பணிக்கொடை ஒதுக்கீடு என்று ஒரு தொகை போட்டிருக்கிறீர்களே, நோயாளிகளுக்காகக் கொடுத்த காணிக்கை இப்படி ஏன் ஒதுங்கிக் கிடக்கவேண்டும்?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. வேதாகமக் கல்லூரியில் எபிரெயமும் கிரேக்கமும் கற்ற எங்களுக்குக் கணக்குப் பாடம் அவ்வளவாகக் கைவரவில்லை. ஆனாலும் ஆடிட்டரிடம் பலமுறை கேட்டு விளங்கிக்கொண்டதை இங்கே எழுதுகிறோம்.

ஓய்வுக்காலப் பலன்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று வருங்கால வைப்பு நிதி. ஊழியரின் சம்பளத்தில் 12 சதவீதத்தைப் பிடித்து, நிர்வாகமும் அதே அளவு சேர்த்து மாதாமாதம் கட்டிவிட்டால், அந்த மாதத்துக் கடமை அத்தோடு தீர்ந்தது. இதை எழுதுவதில் யாருக்கும் சிரமமில்லை. மற்றது, "இத்தனை வருடம் உழைத்தால் போகும்போது இவ்வளவு தருவோம்" என்று வாக்குக் கொடுப்பது. பெரிய கம்பெனிகளின் ஓய்வூதியத் திட்டங்கள் பலவும், நம் நாட்டுப் பணிக்கொடையும் இந்த வகையைச் சேர்ந்தவை. வாக்கு இன்றையது, பணம் கொடுப்பதோ முப்பது வருடம் கழித்து. அதுதான் சங்கடம்.

1972ஆம் வருடத்துச் சட்டம் வகுத்த முறைப்படி, ஐந்து வருடம் தொடர்ந்து பணியாற்றியவருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் பணிக்கொடையாகக் கொடுக்கவேண்டும். மாதத்துக்கு 26 நாள் என்று வைத்து வகுப்பார்கள். ஊழியர் இறந்துபோனால் ஐந்து வருட நிபந்தனை இல்லை. இதில் கவனிக்கவேண்டியது, கணக்குக்கு எடுப்பது கடைசியாக வாங்கிய சம்பளத்தை என்பதே.

ஒரு நர்ஸ் சகோதரி 25 வயதில் வேலைக்குச் சேருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 33 வருடம் இரவும் பகலும் வார்டில் நின்று, 58 வயதில் ஓய்வு பெறும்போது அவருடைய சம்பளம் 26,000 ரூபாய். அதில் 15 நாள் கூலி 15,000 ரூபாய். 33 வருடத்துக்கு 4,95,000 ரூபாய் அவர் கையில் கொடுக்கவேண்டும்.

இது எந்த வருடத்தின் செலவு? பணத்தைக் கொடுக்கிற வருடத்தின் செலவு என்று எழுதிவிடுவது சுலபம். முன்னாளில் பல நிறுவனங்கள் அப்படியே செய்தன. ஆனால் அந்தச் சகோதரி தம் முதல் வருட வேலையை முடித்த அன்றே 15,000 ரூபாயைச் சம்பாதித்துவிட்டார். கைக்கு வருவது மட்டுமே 32 வருடம் தள்ளி. ஆகவே வேலை நடந்த வருடத்திலேயே செலவை எழுதி, கொடுக்கவேண்டிய கடனாகக் காட்டவேண்டும் என்பதே இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் 2005இல் திருத்தி வெளியிட்ட 15ஆவது கணக்கியல் தரநிலையின் சாரம். கடன் என்றே சொல்லுகிறோம். மருந்துக் கடைக்காரருக்குப் பாக்கி இருந்தால் அவர் ஆள் அனுப்பிக் கேட்பார். இந்தப் பாக்கிக்கு உரியவரோ நோயாளியின் படுக்கையைத் தட்டிப்போட்டுக்கொண்டிருக்கிறார், கேட்கமாட்டார்.

32 வருடம் கழித்து வேண்டிய 15,000 ரூபாய்க்கு இன்றைக்கே 15,000 ஒதுக்கத் தேவையில்லை, வட்டி வளரும். 7 சதவீதம் என்று கணித்தால் 1,721 ரூபாய் போதும். 6 சதவீதம் என்றால் 2,324 ரூபாய் வேண்டும். ஒரே ஒரு சதவீதம் மாறினதற்குக் கடன் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறிவிட்டதைப் பாருங்கள்! இலாபத்தைக் கூட்டிக் காட்ட விரும்பும் கம்பெனிக்கு இது நல்ல கதவு. ஆகவேதான் அந்தந்த நிர்வாகம் விரும்பும் வட்டியைப் போடாமல், அரசாங்கக் கடன் பத்திரங்களின் வட்டியை ஒட்டியே கணிக்கவேண்டும் என்று தரநிலை கட்டுப்படுத்துகிறது. சம்பளம் எவ்வளவு உயரும், எத்தனைபேர் இடையில் விலகுவார்கள், எத்தனைபேர் மரிப்பார்கள் என்பதையெல்லாம் மதிப்பிடுவதற்கு ஆக்சுவரி என்ற கணித வல்லுநர் இருக்கிறார்.

ஏட்டில் எழுதினால் மட்டும் பணம் வந்துவிடுமா? வராது. ஒதுக்கீடு என்பது எழுத்து. நிதி என்பது பணம். இரண்டும் வேறு. இந்த வேற்றுமையைக் கண்ணீரோடு கற்றவர்கள் உண்டு. அமெரிக்காவில் ஸ்டூடிபேக்கர் என்ற மோட்டார் கம்பெனி 1963 டிசம்பரில் சவுத் பெண்டு நகரிலிருந்த தன் தொழிற்சாலையை மூடினது. ஓய்வூதிய வாக்கு இருந்தது, அதற்கு ஈடான நிதி இல்லை. 60 வயதை எட்டியிருந்த சுமார் 3,600 பேருக்கு முழுவதும் கிடைத்தது. 40 முதல் 59 வயது வரையிலான சுமார் 4,000 பேருக்கு டாலருக்கு 15 சென்ட்தான். அவர்களிலும் இளையவர்களுக்கு ஒன்றுமில்லை. பதினோரு வருடங்களுக்குப் பின், 1974இல், கம்பெனிகள் ஓய்வூதிய நிதியைச் சேர்த்தாகவேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. தவறினால் ஈடுசெய்ய அரசாங்கக் காப்பீடும் ஏற்பட்டது.

அந்தச் சட்டம் சபைகள் நடத்தும் திட்டங்களுக்கு விலக்களித்தது. நம்மைப்போன்றோர் யோசிக்கவேண்டிய இடம் இது. நியூயார்க் மாநிலம் ஸ்கெனெக்டடி நகரில் செயின்ட் கிளேர்ஸ் என்ற கத்தோலிக்க மருத்துவமனை 2008இல் மூடப்பட்டது. பத்து வருடம் கழித்து, 2018இல், அதன் ஓய்வூதிய நிதி வற்றிப்போனதாக அறிவித்தார்கள். நர்சுகளும் பரிசோதனைக்கூடத்தாரும் சமையற்காரரும் அடங்கிய 1,100க்கும் அதிகமானவர்கள் பாதிக்கப்பட்டார்கள். சிலருக்கு ஒரு பங்கு கிடைத்தது, அநேகருக்கு ஒன்றுமில்லை. சபைத் திட்டம் ஆனபடியால் அரசாங்கக் காப்பீடும் கைகொடுக்கவில்லை. "சபையின் வேலைதானே, தேவன் பார்த்துக்கொள்வார்" என்று நாங்களும் கமிட்டிகளில் சொல்லியிருக்கிறோம். கோபுரம் கட்டப்போனவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்ற உவமையைப் பிரசங்கித்த அதே வாயால்!

ஆகவே அன்பர் கேட்ட தொகை சும்மா கிடப்பதல்ல. வேலை செய்து முடித்தவர்களுக்கு ஏற்கெனவே சொந்தமானது. கணக்கறிக்கையில் இரண்டு தொகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ஆக்சுவரி மதிப்பிட்ட கடன் எவ்வளவு, ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் குழுப் பணிக்கொடைத் திட்டம் போன்றவற்றில் உண்மையாகவே கட்டியிருப்பது எவ்வளவு. இவற்றின் இடைவெளி வருடாவருடம் விரிந்துகொண்டே போனால், எந்த மருத்துவமனையானாலும், காணிக்கை அனுப்புகிறவர் கேள்வி கேட்கலாம்.

இன்னொன்று. 2025 நவம்பர் 21 முதல் பழைய பணிக்கொடைச் சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து, படிகளைப் பெருக்கிக் கொடுத்தாலும், மொத்தத்தில் பாதிக்கு மேற்பட்ட படிகள் சம்பளத்தோடு சேர்ந்தே கணிக்கப்படும். குறித்த கால ஒப்பந்தத்தில் வந்தவர்களுக்கும் ஒரு வருடத்திலேயே பணிக்கொடை உண்டு. அதற்குப் பிந்திய அறிக்கைகளில் இந்த வரி திடீரென்று ஏறியிருக்கக் கண்டால், முதலில் விசாரிக்கவேண்டிய காரணம் இதுவே.